செக்ரோலில் பேர் இல்லாத நோயாளி



இந்தப் பகுதியில் வழக்கமாக ஒரு வியாதியைப் பற்றி எழுதுவேன். இந்த முறை நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என் பேச்சுக்கு மரியாதை இருக்காது.

நாலு வருஷத்துக்கு முந்திய சங்கதி. மழைக்காலம். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். டிஸ்பென்சரியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். படிக்குக் கீழே ஒருவர் நின்றார். வயது ஐம்பது இருக்கலாம். வலது காலில் பழந்துணி சுற்றியிருந்தது.

"ஐயா, காலிலை ஒரு புண். ரெண்டு கிழமையா மாறுதில்லை. ஒருக்கா பாப்பீங்களோ?"

பேச்சைக் கேட்டதுமே இலங்கைத் தமிழர் என்று தெரிந்துவிட்டது. வழக்கமாகக் கேட்கிறதைத்தான் கேட்டேன். "எந்த டிவிஷன்? செக்ரோல்ல பேர் இருக்கா?"

"இல்லை ஐயா. கண்ட்ரக்டரோட புல்லு வெட்டுறன். பக்கத்துக் கம்பத்திலை இருக்கிறன்."

"அப்படின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஓம் ஐயா" என்று சொல்லிவிட்டு நொண்டி நொண்டிப் போய்விட்டார். நானும் பூட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சட்டப்படி நான் செய்தது சரிதான். நிர்வாகத்தின் மருந்து நிர்வாகத்தின் ஆட்களுக்கு. ஆனால் அந்தத் துணியை அவிழ்த்துப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

மூன்று வாரம் கழித்து நம் லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் அவரை வேனில் தூக்கி வந்தார்கள். காய்ச்சல். நாற்றம் வாசலிலேயே அடித்தது. இரண்டு விரல் கறுத்துப் போயிருந்தது. விரலில் குத்தி இனிப்புநீர் பார்த்தேன். மெஷின் இருபத்திரண்டு காட்டியது. வெறும் வயிற்றில் ஆறுக்குக் கீழே இருக்கவேண்டிய கணக்கு அது. தனக்கு இனிப்புநீர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"நான் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேனே, ஏன் போகலை?" என்று கேட்டேன்.

"பயம் ஐயா. கடிதம் மட்டுந்தான் கிடக்கு. காட் இன்னும் வரேல்லை. வழியிலை பிடிச்சா என்ன செய்யிறது? காசுக்கும் எங்கை போறது?"

அன்று இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன்பணம் கட்டச் சொன்னார்கள். லயத்தில் ஐந்தும் பத்துமாகச் சேர்த்தார்கள். கோயில் கமிட்டியும் கொஞ்சம் கொடுத்தது. உயிர் பிழைத்தார். ஆனால் முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது.

அவர் சொன்னதில் இரண்டு சொல் இருக்கிறது. ஒன்று பயம், மற்றது பணம். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஒரு சின்னப் புண்ணைக் காலை வெட்டுகிற அளவுக்குக் கொண்டுபோனது. மூன்றாவதாக என் பூட்டும் சேர்ந்துகொண்டது.

இவர்கள் யார்?

பிழைப்புக்காகப் பர்மிட்டில் வருகிறவர் வேறு. ஊரில் இருந்தால் உயிருக்கு ஆபத்து என்று ஓடி வருகிறவர் வேறு. பின்னவரைத்தான் அகதி என்கிறோம். அகதிதானா என்று விசாரணை முடியாமல் காத்திருப்பவரைத் தஞ்சம் கோருபவர் என்கிறார்கள். நம் இலங்கைக்காரர் அப்படிக் காத்திருந்தவர்தான்.

மலேசியாவுக்கு இது புதிதல்ல. 1975-இல் வியட்னாம் யுத்தம் முடிந்த பிறகு படகு மக்கள் வரத் தொடங்கினார்கள். திரெங்கானு கடலில் உள்ள பீடோங் தீவில் 1978 முதல் 1991 வரை முகாம் இருந்தது. 1979-இல் அந்தச் சின்னத் தீவில் சுமார் 40,000 பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு அந்தத் தீவிலேயே ஆஸ்பத்திரி இருந்தது. மலேசியச் செம்பிறைச் சங்கம் அங்கே சேவை செய்தது. கோலாலம்பூர் சுங்கை பீசி முகாம் 1996-இல் மூடப்பட்டது. மொத்தத்தில் இரண்டரை லட்சம் வியட்னாமியர் இந்நாட்டின் வழியாக வேறு நாடுகளுக்குப் போனார்கள்.

இன்று அப்படி முகாம் இல்லை. அகதிகள் நம் நடுவிலேயே, செலாயாங், அம்பாங், கிள்ளான் என்று வாடகை அறைகளில் வாழ்கிறார்கள். 2023 இறுதியில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவாகியிருந்தவர்கள் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் மியன்மார் நாட்டவர். அதிலும் ரோஹிங்யா மக்களே 1 லட்சத்துக்கும் மேல். இலங்கைத் தமிழர் தொகை அதற்குப் பக்கத்தில் மிகச் சிறியது.

இலங்கைத் தமிழர் இங்கே வந்த கதையை நம் பெரியவர்கள் அறிவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயிலும் ஆபீசிலும் வேலை பார்க்க வந்தவர்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் குடியிருந்தார்கள். ஸ்காட் சாலையில் உள்ள கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியதுதான். அவர்களுக்குச் சம்பளமும் குவார்ட்டர்சும் இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகும், 2009-இல் போர் முடிந்த பிறகும் வந்தவர்களுக்கு அது எதுவும் இல்லை. இங்கே நிற்கவும் முடியாமல் கடலில் இறங்கியவர்களும் உண்டு. 2018 மே மாதம் ஜொகூர்க் கடலில் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலில் 131 இலங்கையர் பிடிபட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

பணம் என்ற முதல் சுவர்

கவர்மெண்டு கிளினிக்கில் நாம் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்க்கிறோம். ஸ்பெஷலிஸ்டுக்கு ஐந்து வெள்ளி. வெளிநாட்டவருக்கான கட்டணத்தை அரசு 2014-ஆம் ஆண்டு உத்தரவின் மூலம் படிப்படியாக ஏற்றியது. அதன்படி சாதாரண டாக்டரைப் பார்க்க 40 வெள்ளி, ஸ்பெஷலிஸ்டுக்கு 120 வெள்ளி என்று வந்தது. படுக்கையில் சேர மூன்றாம் வகுப்புக்கே ஆயிரம் வெள்ளிக்கு மேல் முன்பணம்.

ஐ.நா. அட்டை வைத்திருக்கும் அகதிக்கு இந்தக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. 2005 வாக்கில் ஏற்பட்ட சலுகை இது. நல்ல காரியம், அரசைப் பாராட்டவேண்டும். ஆனால் வெளிநாட்டுக் கட்டணம் ஏறினால் பாதியும் கூடவே ஏறுகிறது. அட்டை கைக்கு வராதவர் முழுத் தொகையும் கட்டவேண்டும். அந்த அட்டைக்குத்தான் வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

சம்பாதித்துக் கட்டலாமே என்பீர்கள். வேலை செய்ய அவர்களுக்குப் பர்மிட் கிடையாது. 2017-இல் 300 ரோஹிங்யா மக்களைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் முறைப்படி வேலைக்கு வைக்க ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். அது வேரூன்றவில்லை. ஆகவே திருட்டுத்தனமாகத்தான் வேலை. பர்மிட்டில் வரும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 2019 ஜனவரி முதல் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அகதிக்கு அதுவும் இல்லை. சம்பளம் நின்றால் மருந்தும் நிற்கும்.

பயம் என்ற இரண்டாவது சுவர்

1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்று தனியாக ஒரு வகை கிடையாது. சீட்டு இல்லாதவர் எல்லாரும் ஒன்றுதான். 2001-இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்கவேண்டும் என்றது அந்த அறிக்கை. காய்ச்சலோடு போகிறவன் கைவிலங்கோடு வருவானோ என்று அஞ்சினால் அதில் ஆச்சரியம் என்ன?

தடுப்பு முகாம் என்றால் அவர்கள் நடுங்குவதற்கும் காரணம் உண்டு. ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளர் மத்தியிலும் வேலை செய்தவர், பிறகு தெனாகானித்தாவை அமைத்தவர். முகாம்களில் சத்தில்லாத சாப்பாட்டாலும் பெரிபெரி நோயாலும் ஆட்கள் சாகிறார்கள் என்று 1995-இல் அறிக்கை விட்டார். அதற்காக 1996-இல் அவர் மேல் வழக்குப் போட்டார்கள். 2003-இல் ஒரு வருஷச் சிறைத்தண்டனை விதித்தார்கள். 2008-இல்தான் விடுதலையானார். 2014-இல் காலமானார். பெரிபெரி என்பது தீட்டிய அரிசியை மட்டும் தின்று கிடப்பவனுக்கு வரும் வியாதி. கால் வீங்கும், நெஞ்சு பலவீனமாகும். நம் பாட்டன்மார் காலத்துச் சீக்கு அது.

நமக்கென்ன?

காலை இழந்தவருக்குப் பணம் சேர்த்த வாரத்தில் கிளைக் கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "நமக்கே மருந்து பத்தலை. இவங்க கொறைஞ்ச கூலிக்கு வந்துதான் நம்ம பிள்ளைங்க வேலையைக் கெடுத்தாங்க. இவங்களுக்கு நாம ஏன் காசு போடணும்?"

நியாயமான கேள்வி. இப்படிக் கேட்பவரைக் கல்நெஞ்சன் என்று நான் சொல்லமாட்டேன். சம்பளம் அடிபட்டவனுக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் கூலியைக் குறைத்தது யார்? புல் வெட்டுகிறவனா, கண்ட்ரக்டரா? போலீசுக்குப் போகமுடியாத, லேபர் ஆபீசுக்குப் போகமுடியாத, ஆஸ்பத்திரிக்கும் போகமுடியாத ஒரு ஆள் இருந்தால் அவனைப் பாதிக் கூலிக்கு வாங்கலாம். அவன் பயம்தான் கண்ட்ரக்டரின் லாபம். அந்தப் பயம் குறைந்தால்தான் நம் கூலியும் நிற்கும். இது சங்கத்தின் பாலபாடம்.

இரண்டாவது காரணம், நோய். கிள்ளானில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தைத் திறந்தார்கள். இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. திறந்த கொஞ்ச நாளிலேயே மலேரியா வந்து ஆட்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். கிள்ளான் டாக்டராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பை வடியவைத்து, வாய்க்கால் வெட்டி, காட்டைத் திருத்தி அதை அடக்கினார். வெள்ளைக்காரன் வீட்டு வாசலில் மட்டும் வாய்க்கால் வெட்டியிருந்தால் மலேரியா நின்றிருக்குமா? கூலி லயத்துக் கொசு துரை பங்களாவுக்கும் பறக்கும்.

இன்றைக்குக் காசநோயும் அப்படித்தான். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிற இடத்தில் ஒருவர் இருமினால் மற்றவருக்கும் ஆபத்து. அவர் மறுநாள் நம்மோடு பஸ்ஸில் வருகிறார், சந்தையில் மீன் விற்கிறார். கோவிட் சமயத்தில் இதை நாடே கண்டது. 2020 மே மாதம் முதல் நாள் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் பூட்டிக் கிடந்த கட்டடங்களில் சோதனை போட்டு, சீட்டில்லாதவர்களைப் பிடித்துப் போனார்கள். அதன் பிறகு பரிசோதனை என்றாலே பலர் ஒளிந்துகொண்டார்கள். 2021 பிப்ரவரியில் அரசே முன்வந்து, அகதி, சீட்டில்லாதவர் எல்லாருக்கும் தடுப்பூசி இலவசம் என்று அறிவித்தது. ஒருவரை விட்டுவிட்டு மற்றவரைக் காப்பாற்ற முடியாது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியாது.

மூன்றாவது காரணம், நம் சொந்தக் கதை. சிவப்பு அடையாள அட்டையோடு செத்துப்போன பாட்டிமார் எத்தனை பேர் நம் லயங்களில்! 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவன் வேலை செய்யப் பர்மிட் வேண்டும் என்றார்கள். பால் வெட்டியே முதுகு வளைந்தவர்கள் ஒரே நாளில் அந்நியர் ஆனார்கள். ஏறக்குறைய 60 ஆயிரம் பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். சீட்டு இல்லாதவன் படும் பாடு நமக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்தது அல்ல.

இப்படிப் பேசி முடித்தபோது, கேள்வி கேட்ட அந்தத் தோழரே பாக்கெட்டில் கைவிட்டுப் பத்து வெள்ளியை எடுத்து மேசையில் வைத்தார். "பேச்சு ரொம்ப நீளங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். கீழே சொல்வதை மனத்தில் வையுங்கள்.

முதலாவது, காலைப் பாருங்கள். பத்து நாளில் ஆறாத புண் இருந்தால் இனிப்புநீர் பார்க்கவேண்டும். பிளேடால் கீறாதீர்கள். சுண்ணாம்பு, புகையிலை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் கட்டுங்கள். கறுப்பு, நாற்றம், காய்ச்சல் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் என்பது கிடையாது.

இரண்டாவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு இருந்தால் சளி பரிசோதனைக்கு அனுப்புங்கள். காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டால் குணமாகும். நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாகிவிடும்.

மூன்றாவது, கர்ப்பிணிப் பெண்கள். கட்டணத்துக்குப் பயந்து ஒன்பது மாதமும் யாரிடமும் காட்டாமல் இருந்துவிடுகிறார்கள். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு இருந்தால் தாமதிக்கக் கூடாது. நம் தாய்மார்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆண்பிள்ளை டிரெசரிடம் சொல்லாததை அவர்கள் பெண்களிடம் சொல்வார்கள். பிள்ளை பிறந்தால் பிறப்பைக் கட்டாயம் பதியச் சொல்லுங்கள்.

நான்காவது, ஐ.நா. அட்டையோ கடிதமோ எதுவிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். அட்டை உள்ளவர் கவுண்டரில் அதை முதலிலேயே காட்டிப் பாதிக் கட்டணம் கேட்கவேண்டும். பின்னால் கேட்டால் பில்லை மாற்றுவது கஷ்டம். மலாய் தெரிந்த நம் பிள்ளை ஒருவர் துணைக்குப் போனால் பாதிப் பயம் தீரும். பதிவு சம்பந்தமான விவரங்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அலுவலகம் கோலாலம்பூர் புக்கிட் பெட்டாலிங்கில், பிரிக்பீல்ட்சுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஐந்தாவது, தொண்டு கிளினிக்குகள். சூ சி பௌத்த அறநிறுவனம், மெர்சி மலேசியா போன்றவை அகதிகளுக்கு மருத்துவ சேவை செய்து வந்திருக்கின்றன. நாளும் இடமும் மாறும். போவதற்கு முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாவது, உயிர் போகிற அவசரம் என்றால் கிட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரி எதுவோ அதற்கே போங்கள். தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும், அவசரத்தில் வரும் எவருக்கும் உயிர்காக்கும் முதல் சிகிச்சை செய்ய வசதி வைத்திருக்கவேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

கடைசியாக ஒன்று. எல்லாக் காயத்துக்கும் கட்டுப் போட முடியாது. குண்டுச் சத்தத்தையும் பிணத்தையும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ராத்திரியில் தூக்கம் வராது. பட்டாசுச் சத்தத்துக்கு ஒளிவார்கள். பைத்தியம் என்று சிரிக்காதீர்கள். தீபாவளிக்கு ஒரு தட்டுப் பலகாரம் கொண்டுபோய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். அதுவும் மருந்துதான்.

இப்போது எப்படி?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நானும் கிளைச் செயலாளரும் மேனேஜரைப் பார்த்தோம். வாசலுக்கு வருகிற எவருக்கும் முதலுதவி செய்யலாம், பிரஷரும் இனிப்புநீரும் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். வாரம் ஒருமுறை வரும் டாக்டரும் கூடுதலாக ஒருவர் இருவரைப் பார்த்துக் கொடுக்கிறார். இனிப்புநீர் பார்க்கும் பட்டைகள் வாங்கக் கிளை மாதம் கொஞ்சம் பணம் ஒதுக்குகிறது. கேட்காமல் இருந்தது நான்தான். கேட்டிருந்தால் முன்பே கிடைத்திருக்குமோ என்னவோ.

செக்ரோலில் பேர் இல்லாதவர்களுக்காக மேசை இழுப்பறையில் தனியாக ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் முதல் பேர் அவருடையதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டை ஊன்றி வருகிறார். "டொக்டர், இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்பார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. போன வாரம் ஏழு காட்டியது. சந்தோஷமாகப் போனார்.

அவருக்கு அந்தக் கால் திரும்பி வராது. உங்கள் பக்கத்து வீட்டில், கம்பத்தில், கண்ட்ரக்டர் கொட்டகையில் காலில் துணி சுற்றி நொண்டுகிறவர் யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள். டிஸ்பென்சரி ஐந்து மணிக்குப் பூட்டும். பூட்டியிருந்தால் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.